வான்கதவுக்குக் கீழே

ஆற்றில் வருவது இன்னதென்று அந்தோனிமுத்து தூரத்திலேயே சொல்லிவிடுவார். வாழைத்தண்டு சுழன்றுகொண்டு வரும். செத்த மாடு வயிறு ஊதி ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும். பிளாஸ்டிக் பீப்பாய் துள்ளித் துள்ளி வரும். மனுசப் பிணம் முதுகைக் காட்டிக்கொண்டு, கையும் தலையும் தண்ணீருக்குள் தொங்க, அவசரமில்லாமல் வரும். அதைக் கண்டு நடுங்கிய காலமெல்லாம் அவருக்கு எப்போதோ போய்விட்டது.

அவர் பிறந்தது தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பதினாறு வயதில் கண்டிக்கு இறங்கி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். பிறகு பேராதனைக்குக் கீழே மணல் தோணியில் இருபது வருசம். மூச்சை அடக்கி முங்கி, வாளியில் மணலை அள்ளிக்கொண்டு மேலே வருகிற வேலை. அதிலே ஒரு காது அடைத்தே போனது. மணல் தோணிகளை நிறுத்தியபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. ஆற்றைத் தெரிந்த ஆள் என்று ஒரு கம்பெனி அவரை வேலைக்கு எடுத்தது.

கெட்டம்பே தாண்டி, மகாவலி கண்டி நகரத்தைச் சுற்றி வளைகிற பக்கத்தில் அந்தக் கம்பெனிக்கு ஒரு சின்ன அணைக்கட்டு இருந்தது. ஆற்றில் ஒரு பங்கை வாய்க்காலில் திருப்பி மின்சாரம் எடுப்பார்கள். வாய்க்காலின் வாயில் இரும்புக் கம்பிகளை நெருக்கமாக நட்டு ஒரு தடுப்புப் போட்டிருந்தார்கள். மலையிலிருந்து வருகிற குப்பை முழுக்க அதில் வந்து அடைக்கும். நீளமான கொக்கிக் கம்பால் அதை இழுத்துக் கரையில் போடுவது அந்தோனிமுத்துவின் வேலை. தடுப்புக்குப் பக்கத்திலேயே மூன்று வான்கதவுகள். வெள்ளம் வந்தால் கதவுகளைத் தூக்கி மிச்சத் தண்ணீரைக் கீழே விடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வந்து கம்பியில் ஒட்டிக்கொண்டது. வெள்ளைச் சீருடை, ஒரு காலில் சப்பாத்து. அந்தோனிமுத்து தண்ணீரில் இறங்கி, பிள்ளையைக் கையில் ஏந்தி வந்து கரையில் கிடத்தினார். தன் சாரத்தை அவிழ்த்துப் போர்த்திவிட்டு, உள்ளே போட்டிருந்த களுசானோடு நின்று பொலிஸுக்குச் சொன்னார். வந்த பொலிஸ்காரன் பிள்ளையின் காதில் தோடு இல்லையே, எங்கே என்று கேட்டு அவர் கன்னத்தில் அறைந்தான். தோடு பிறகு வீட்டில் இருந்ததாகத் தெரியவந்தது. அதை வந்து அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மரண விசாரணைக்கு மூன்று நாள் போய் நிற்க வேண்டி வந்தது. மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிட்டார். பிலிமத்தலாவைக்காரர், அதிகம் சத்தம் போடாத மனுசன். இப்படி அடிக்கடி லீவு போடுவதென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்றார். பிறகு, கதவு திறந்திருக்கிற நேரம் எது வந்தாலும் போக விட்டுவிடு, வான்கதவுக்குக் கீழே எங்களுக்குப் பொறுப்பில்லை என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

அடுத்த வெள்ளத்தில் ஒரு கிழவர் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தார். கதவு திறந்திருந்தது. அந்தோனிமுத்து கொக்கியைத் திருப்பிப் பிடித்து, கம்பின் மொட்டை முனையால் ஒரு தள்ளுத் தள்ளினார். கிழவர் அரைவட்டமாகத் திரும்பி, கதவடியில் போய், கீழே நுரைக்குள் காணாமல் போனார். அன்றைக்கு மத்தியானம் அந்தோனிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு அடுத்த முறை இறங்கியது.

இதற்கிடையில் அவருக்கு ஒரு பேரும் வந்துவிட்டது. ஆற்றில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் விசாரித்து விசாரித்து அவரிடம்தான் வருவார்கள். எங்கே விழுந்தது, எத்தனை மணிக்கு, என்ன உடுத்திருந்தது என்று டொக்டரைப் போல வரிசையாகக் கேட்பார். நாவலப்பிட்டியில் விழுந்தால் மூன்றாம் நாள், கம்பளையில் விழுந்தால் இரண்டாம் நாள், பெருவெள்ளமென்றால் ஒரு நாள் குறையும் என்பார். தண்ணீர் சிவந்து வந்தால் மேலே மண் சரிந்திருக்கிறது, இன்னும் வரும் என்பார். அழுதுகொண்டு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள். அவர்கள் அப்படிக் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது.

போன நவம்பரில் ஹட்டன் பக்க மலைகளில் நாலு நாள் விடாமல் மழை கொட்டியது. மூன்று கதவையும் தூக்கிவிட்டார்கள். புதன்கிழமை காலையில் ஒரு மஞ்சள் ரெயின்கோட் வந்தது. உள்ளே காற்று அடைத்திருந்ததால் அமிழாமல் முதுகு மேலே தெரிய வந்து, தடுப்பின் ஓரக் கம்பியில் முட்டி நின்றது. முதுகில் கிழிந்த இடத்தில் சைக்கிள் டியூப்பை வெட்டிக் கறுப்பாக ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டின் நான்கு மூலையையும் கத்தரிக்கோலால் உருட்டி வெட்டியிருந்ததைக்கூட அவர் கவனித்தார். ஆண்பிள்ளை செய்த வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டார். பிறகு பிணத்தின் தோளில் கம்பை வைத்துக் கதவுப் பக்கம் தள்ளினார்.

வியாழக்கிழமை ருக்கியா வந்தாள். கம்பளையிலிருந்து தம்பி அகீலின் திரீவீலரில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரைக்கும் சேறு. புருசன் பஹீம் தளத்துக்கு மாபிள் பதிக்கிற மேசன் பாஸ். செவ்வாய்க்கிழமை வெள்ளத்தில் அடித்து வந்த ஒரு பெரிய மரத்தை விறகுக்காகக் கயிறு போட்டு இழுக்கப் போய், மரம் திரும்பி இவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்தோனிமுத்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். என்ன உடுத்திருந்தார் என்று கேட்டபோது அவள் மஞ்சள் ரெயின்கோட் என்றாள். முதுகில் தானே டியூப் ஒட்டிக் கொடுத்ததாகச் சொன்னாள்.

"வரல தங்கச்சி" என்றார் அவர். "கம்பளயில விழுந்தா இன்னிக்கி நாளைக்கி வரணும். பாப்போம்."

அவளைத் திருப்பி அனுப்பத்தான் அப்படிச் சொன்னார். அவள் போகவில்லை. அணைக்கட்டுச் சுவரில் உட்கார்ந்து இரண்டு நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கம்பை நீட்டும்போதெல்லாம் எழுந்து நின்றாள். அவர் வாழைமட்டையை இழுத்துப் போட்டதும் உட்கார்ந்தாள். அந்தோனிமுத்துவின் வீடு அணைக்கட்டுக்கு மேலே மேட்டில்தான். பெண்சாதி டொரதி ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. வேலை முடிந்து வந்தவள் சுவரில் இருந்தவளைக் கண்டு, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியும் பாணும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ருக்கியா தேத்தண்ணியை மட்டும் குடித்தாள். அன்றிரவு அவளை வீட்டுக்குள் கூட்டிப் போய்ப் படுக்க வைத்ததும் டொரதிதான்.

இந்தப் பெண் இங்கேயே இருந்தால் சரிவராது என்று அந்தோனிமுத்துவுக்குப் பட்டது. மூன்றாம் நாள் காலையில் கம்பெனி அறைச் சுவரில் மாட்டியிருந்த ஆற்றுப் படத்தின் முன்னால் அவளை நிறுத்தி விரலால் காட்டினார். வெள்ளத்தில் கம்பியைத் தாண்டிப் போயிருக்கலாம். இது பொல்கொல்லை. அங்கே இல்லையென்றால் விக்டோரியா. பிறகு ரந்தெனிகல, மினிப்பே. அதுக்குப் பிறகு ஆறு வடக்கே திரும்பி, மன்னம்பிட்டியால் போய், மூதூரில் கடல். விக்டோரியாவுக்கு அங்கிட்டு அவர் ஒரு நாளும் போனதில்லை. போய்ப் பழகியவர் போலச் சொன்னார்.

"ஒவ்வொரு எடத்துலயும் கேட்டுப் பாருங்க. இங்க வந்தா நான் அறிவிக்கிறேன்" என்று தன் போன் நம்பரையும் கொடுத்தார்.

"நீங்க ஈக்கிற தைரியத்துலதான் போறன் அண்ணன்" என்றாள் ருக்கியா.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நாலு மணிபோல, அஸர் தொழுகை முடிந்ததும் அவள் போன் வந்தது. பொல்கொல்லையில் ஒன்றும் இல்லை. விக்டோரியாவில் தண்ணீர் மலைக்கு மலை கிடக்கிறது, எங்கே பார்க்கிறதென்றே தெரியவில்லை. மீன் பிடிக்கிறவர்கள் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் குப்பை ஒதுங்குகிற இடங்களைக் காட்டினார்கள். ரந்தெனிகலையில் காவலுக்கு நின்ற ஆள் யானை வரும் என்று விரட்டிவிட்டான். மினிப்பேயில் இரண்டு பக்கமும் வாய்க்கால் பிரிகிறது, எதிலே தேட என்று கேட்டாள். பெரிய ஆற்றோடு போங்க என்று அவர் சொன்னார். மஹியங்கனையில் அகீல் திரும்பிவிட்டான், அவனுக்கு வேலை இருந்தது. ருக்கியா பஸ் ஏறினாள். கீழே போகப் போக ஆறு பேச்சே இல்லாமல் போகிறது, கல்லே இல்லை, இரண்டு கரையிலும் நாணலும் எருமையும்தான் என்றாள். நம்ம ஊர் ஆறுதானா இது என்று கேட்டாள்.

அந்தோனிமுத்துவுக்குக் கேட்கக் கேட்க ஒரு ருசி பிடித்துவிட்டது. மணல் தோணிக் காலத்திலிருந்து இந்த ஆற்றில் கிடந்தவருக்கு அது போய்ச் சேருகிற பாதை தெரியாது. நாலு மணியானால் போனைப் பார்ப்பார். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சுவரில் மாட்டிய படத்தில் விரல் வைத்து அந்த இடத்தைத் தேடுவார்.

ருக்கியா மன்னம்பிட்டிப் பாலத்தில் நின்ற நாள்தான் கண்டியில் தண்ணீர் வடிந்தது. அணைக்கட்டுக்கு இருநூறு மீட்டர் கீழே, மூங்கில் வேருக்குள் சிக்கிக் கிடந்ததைக் குளிக்கப் போன பெண்கள் கண்டார்கள். மஞ்சள் ரெயின்கோட். முகம் என்று ஒன்று இல்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று அந்தோனிமுத்துவும் பார்த்தார். பொலிஸ் வந்தது. அணைக்கட்டுக்கு வந்து, இந்த உடுப்போடு யாரையாவது தேடி ஆள் வந்ததா என்று சிங்களத்தில் கேட்டது. வெள்ளத்துக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள், இப்படி ஒருவரும் கேட்கவில்லை என்றார் அவர். சொல்லி முடித்த பிறகுதான், உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சொன்னால் கம்பியை எப்படித் தாண்டியது என்று கேட்பார்கள். அன்று காலையில் யாருடைய முறை என்று வேலைப் புத்தகத்தில் இருக்கிறது. நினைப்பை அத்தோடு விட்டார்.

உடலை ஆஸ்பத்திரிச் சவ அறையில் வைத்தார்கள். பரிசோதனை செய்து, ஒரு பல்லை எடுத்து வைத்துவிட்டு, உரிமை கேட்டு யாராவது வருகிறார்களா என்று இரண்டு கிழமை பார்த்தார்கள். பஹீம் காணாமல் போன முறைப்பாடு கம்பளையில் கிடந்தது. வெள்ளத்தில் காணாமல் போனவர்கள் பட்டியல் நீளம். ஒரு கடதாசி இன்னொரு கடதாசியைச் சந்திக்கவில்லை.

அந்த இரண்டு கிழமையும் நாலு மணிக்குப் போன் வந்தது. வெருகல் பக்கம் ஆறு இரண்டாகப் பிரிகிறது என்றாள். மூதூரில் பள்ளிவாசல்காரர்கள் ஒரு மீன்காரக் குடும்பத்தில் தங்க வைத்திருக்கிறார்கள் என்றாள். அந்த வீட்டு ராத்தாவோடு சேர்ந்து கருவாடு காயப் போடுகிறாள். விடிந்ததும் கடலோரமாக ஆற்றுவாய் வரை நடக்கிறாள். மலையில் விழுந்த மரமெல்லாம் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு மரத்தையும் புரட்டிப் பார்க்கிறாள். ஒரு நாள், ஊரில் விட்டு வந்த மகள் ருஷ்தா, வாப்பா எப்ப வாற என்று கேட்டு அழுகிறாள், நான் திரும்பி வரட்டா என்று கேட்டாள்.

உடல் அப்போதும் சவ அறையில்தான் இருந்தது. ஊருக்கு வந்தால் யார் வாயிலாவது கேட்டுவிடுவாள்.

"அவசரப்படாதீங்க தங்கச்சி" என்றார். "அமாவாச வரைக்கும் இருங்க. கடல் அப்பதான் திருப்பிக் குடுக்கும்."

கடலை அவர் வாழ்நாளில் இரண்டு தரம் கண்டிருப்பார்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் நீதவான் உத்தரவுப்படி உடலைப் பொதுச் சவக்காலையில் புதைத்தார்கள். ஒரு பலகைத் துண்டில் நம்பர் எழுதி நட்டார்கள். அந்தோனிமுத்து அன்று நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் நாலு மணிக்கு அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டொரதி எடுத்தாள். ருக்கியா அவள் குரல் கேட்டதும் அழுதுவிட்டாள். இனி என்னால் ஏலாது ராத்தா, அந்த மஞ்சள் ரெயின்கோட்டை ஒருக்கா கையில் தந்தாலும் போதும், நான் ஒட்டின டியூப் துண்டு ஒன்றாவது கிடைத்தாலும் போதும் என்றாள். டொரதி அதுவரை அவள் புருசன் என்ன உடுத்திருந்தான் என்று கேட்டதேயில்லை. மூங்கிலடியில் பிணத்தைக் கண்ட பெண்களில் ஒருத்தி அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை செய்தாள். கறுப்பு ஒட்டுப் போட்ட மஞ்சள் கோட்டைப் பற்றி அந்தப் பெண் நாலு நாள் விடாமல் பேசியிருந்தாள்.

டொரதி ருக்கியாவை உடனே புறப்பட்டு வரச் சொன்னாள். ஏனென்று மட்டும் சொல்லவில்லை. அந்தோனிமுத்து தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்ததும், அந்தக் கோட்டு மேலேயிருந்து வரும்போது நீ கண்டியா என்று கேட்டாள். அவர் துவாயைக் கொடியில் போட்டுவிட்டு, இப்ப என்ன அதுக்கு என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் ருக்கியா வந்தாள். வெயிலில் கறுத்து, கையெல்லாம் உப்பு அரித்திருந்தது. மூங்கிலடியில் கண்டது, சவ அறை, சவக்காலை எல்லாவற்றையும் டொரதி வீட்டு வாசலில் வைத்துச் சொன்னாள். ருக்கியா எழுந்து நேரே அணைக்கட்டுக்கு இறங்கிப் போனாள். அந்தோனிமுத்து கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவர நீங்க கண்டீங்களா?"

"கண்டேன்."

"எப்ப?"

"நீங்க வாறதுக்கு மொத நாளு."

"அப்ப நான் இந்தச் சுவருல ஈந்த ரெண்டு நாளும் ஒங்களுக்குத் தெரியும்."

ருக்கியா கொக்கிக் கம்பை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள்.

"இத எங்க வெச்சித் தள்ளின?"

அவர் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார். அவள் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேட்டில் ஏறி, அகீலை வரவழைத்து, பொலிஸுக்குப் போனாள்.

அந்தோனிமுத்துவைப் பதினாலு நாள் விளக்கமறியலில் வைத்தார்கள். கம்பெனி, தாங்கள் யாரையும் எதையும் தள்ளச் சொன்னதில்லை என்று எழுத்தில் கொடுத்தது. மேற்பார்வையாளரும் கையெழுத்துப் போட்டார். பிணையில் வந்தபோது வேலை இல்லை. மறுபடி கண்டி மார்க்கெட்டுக்கே போனார். அந்த வயதில் மூட்டை ஏறவில்லை. வெங்காயச் சாக்கைக் கூட்டிக் கழுவுகிற வேலை கிடைத்தது. வழக்கு தவணை தவணையாகப் போகிறது.

எடுத்து வைத்த பல்லோடு ருஷ்தாவின் எச்சிலை ஒப்பிட்டு, அது பஹீம்தான் என்று முடிவு வர ஏப்ரல் மாதமானது. நம்பர் பலகையைப் பிடுங்கித் தோண்டி எடுத்து, கம்பளையில் ஜனாஸாத் தொழுகை நடத்தி, மையவாடியில் அடக்கினார்கள். புருசன் மௌத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும். அன்று மாலை ருக்கியா பெரியவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டனுப்பினாள். கணக்கு அவர் மௌத்தான நாளிலிருந்து, அது போன மாதமே முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அந்த நாட்களில் அவள் கடலோரத்தில் மரம் புரட்டிக்கொண்டும், பொலிஸிலும் கோர்ட்டிலும் வாங்கில் உட்கார்ந்துகொண்டும் இருந்தாள். துக்கத்துக்கென்று உட்கார அவளுக்கு ஒரு நாளும் மிஞ்சவில்லை.

அடக்கம் முடிந்த மறு கிழமை டொரதி கம்பளைக்குப் போனாள். அந்தோனிமுத்துவும் பின்னாலேயே போனார். வேண்டாமென்று அவள் சொல்லவில்லை. கூட வா என்றும் சொல்லவில்லை. அவள் வீட்டுக்குள் போனாள். அவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பூட்டிய கடையொன்றின் முன்னால் நின்றார். அகீல் வெளியே வந்து அவரைக் கண்டான். திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். ஒரு மணித்தியாலம் கழித்து டொரதி வந்தாள்.

பஸ் பேராதனைப் பாலத்துக்கு வந்தபோது அவர்தான் வாயைத் திறந்தார். ருக்கியா தன்னைப் பற்றி ஏதும் கேட்டாளா என்றார்.

"ஒண்ணுதான் கேட்டா" என்றாள் டொரதி. "அவர மாதிரி எத்தன பேருன்னு கேட்டா. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

பொலிஸும் அதை அவரிடம் கேட்கவில்லை, கோர்ட்டும் கேட்கவில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. ஒவ்வொருவருடைய முதுகும் தெரியும், உடுப்பும் தெரியும்.

"பதினொண்ணு" என்றார். பிறகு, "ஒண்ணு சின்னப்புள்ள" என்றார்.

டொரதி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் வேறு சீட் காலி இல்லை. முன்னால் போய், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி அவள் போன பஸ் வேறு, அவர் போன பஸ் வேறு.